சர்வருக்குக் குங்குமம் வைத்தவர்

'இயங்கிக்கொண்டிருக்கும் சர்வரில் எந்தப் பேக்கேஜையும், முதலில் சோதனைக் கணினியில் ஏற்றி ஓட்டிப் பார்க்காமலும், பழைய வெர்ஷன் எண்ணையும் புதிய வெர்ஷன் எண்ணையும் குறித்து வைக்காமலும், நிர்வாகிக்கு எழுத்து மூலம் தெரிவிக்காமலும் புதுப்பிக்கவோ நீக்கவோ கூடாது. விடுமுறைக்கு முந்தின நாள் இவற்றில் எதையும் செய்யவே கூடாது.'

எங்கள் டயாலிசிஸ் மையத்தின் கணினிப் பராமரிப்பு விதிகளில் இது ஏழாவது. எழுதியவன் நான். அரசுக் கணக்குத் துறையில் ஓய்வு பெற்று, திருத்தணியில் ஓர் அறக்கட்டளை நடத்திய அந்த மையத்துக்கு நிர்வாகியாக வந்த புதிதில் எழுதினேன். பெரிய எழுத்தில் அச்சடித்துச் சர்வர் அறைக் கதவில் ஒட்டினேன். மறுநாள் காலை கதவு பளபளவென்று இருந்தது. காகிதம் இல்லை. பசைத் தடம்கூட இல்லை.

"டோரு கறை புடிக்குது சார். தேங்காண்ணெய் தடவித் தொடைச்சி எட்துட்டேன்" என்றார் அவர், மிகவும் மரியாதையாக.

மையத்தின் கணினிகளைப் பார்த்துக்கொண்ட அவரை எல்லோரும் சிஸ்டம் சார் என்றார்கள். பெயரை நானும் எழுதப்போவதில்லை. தன் தடம் எங்கும் இருக்கக்கூடாது என்பதில் அவ்வளவு அக்கறையாக இருந்தவருக்கு நான் செய்யும் ஒரே உபகாரம் அது.

சுத்தக்காரர். இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. காலையில் வந்ததும் செருப்பைக் கழற்றிச் சுவரோடு ஒட்டி வைப்பார். கையைக் கழுவுவார். பையிலிருந்து மஞ்சள் துணி ஒன்றை எடுத்துக் கீபோர்டின் ஒவ்வொரு எழுத்தையும் துடைப்பார். டீ குடித்த டம்ளரை ஆயா எடுக்கும் வரை வைக்க மாட்டார். தானே கழுவிக் கவிழ்ப்பார். அவர் உட்கார்ந்து எழுந்த நாற்காலியைப் பார்த்தால் அதில் யாரும் உட்காரவே இல்லை என்று சத்தியம் செய்யலாம். நர்ஸுகளுக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். ஒருமுறை டயாலிசிஸ் நடக்கும்போதே ஒரு பெரியவர் வாந்தி எடுத்துவிட்டார். ஆயா வருவதற்குள் இவர் ஓடிவந்து, முகம் சுளிக்காமல், தரையையும் பெரியவரின் காலையும் துடைத்துவிட்டுப் போனார். நான் பார்த்தேன். இதைச் சொல்லாமல் விட்டால் நானும் துடைக்கிறவன் ஆகிவிடுவேன்.

சர்வரையும் அவர் அப்படித்தான் வைத்திருந்தார். அங்கேதான் எனக்கும் அவருக்கும் ஆகாமல் போயிற்று.

நோயாளிகளுக்கு முறை ஒதுக்கும் எங்கள் புரோகிராம் பைத்தானில் எழுதியது. எழுதிக் கொடுத்த பெண் கல்யாணமாகி வெளிநாடு போய்விட்டாள். அந்த மாதிரிப் புரோகிராம் எல்லா வேலையையும் தானே செய்வதில்லை. தேதி கணக்கிட ஒன்று, செல்போனுக்குச் செய்தி அனுப்ப ஒன்று என்று, வேறு யாரோ எழுதிய பேக்கேஜ்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஓடும். கருப்புத் திரையில் பிப் என்று ஆரம்பிக்கும் ஒரு வரியை அடித்தால் பேக்கேஜ் இணையத்திலிருந்து வந்து உட்கார்ந்துகொள்ளும். எந்த வெர்ஷன் என்று சொல்லாவிட்டால் இருப்பதிலேயே புதியது வரும். புதியது பழைய புரோகிராமோடு ஒத்துப்போகும் என்று யாரும் யாருக்கும் எழுதித் தரவில்லை. இவ்வளவும் ஓய்வு பெற்ற பிறகு நானே உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டவை. தெரியாத விஷயத்துக்கு விதி எழுதும் பழக்கம் எனக்கு இல்லை.

அவருக்கோ பழைய வெர்ஷன் என்றாலே அழுக்கு. எண்ணைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்குவார். ஒரு வரி அடித்து, என்டர் தட்டுவதற்கு முன் விரல் இரண்டையும் கண்ணில் ஒற்றிக்கொள்வார். வேலை முடிந்ததும், அதுவரை அடித்த கமாண்டுகள் எல்லாவற்றையும் சர்வரின் நினைவிலிருந்து அழிக்கும் கமாண்டை அடிப்பார். அதற்கப்புறம்தான் எழுந்திருப்பார்.

"எதுக்கு அழிக்கிறீங்க? நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா என்ன பண்ணினோம்னு பார்க்க வேண்டாமா?" என்று கேட்டேன்.

"சாப்ட்ட எலைய அப்டியே வுட்டுட்டா எழுந்துப்பீங்க? மடிச்சிட்டுதானே சார் எழுந்துப்பீங்க."

"இலையை மடிப்பேன். சாப்பிடவே இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

"நல்லா பேசறீங்க சார்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பிலும் ஒன்றும் மிச்சம் இருக்காது.

ஒருநாள் நோயாளிகளுக்குக் கொடுக்கும் சீட்டில் தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. கண்டிகையிலிருந்து வரும் ஓர் அம்மாள் அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சர்வர் அறைக்குப் போனேன். என்ன மாற்றினீர்கள் என்றேன். "நான் ஒண்ணும் பண்லீங்களே. அதுவா ஆச்சு" என்றார். மாலைக்குள் எழுத்து திரும்பி வந்துவிட்டது. எப்படி என்றேன். "அதுவா சரியாயிடுச்சி சார்." இப்படி அதுவாகக் கெட்டு அதுவாகச் சரியாகும் இயந்திரத்துக்கு ஆள் எதற்கு என்று டிரஸ்டியிடம் கேட்டேன்.

டிரஸ்டிக்கு அரிசி மண்டி. நல்ல மனிதர் என்று ஊர் சொல்லும். "பாவா ஒரு ரூபா சம்பளம் வாங்காம பண்ணிகினு கீறாரு சார். அவர போய் கணக்கு கேக்கறீங்களே" என்றார். சிஸ்டம் சார் அவருக்கு அக்கா புருஷன். சம்பளம் வாங்காதவரை எந்த விதியின் கீழும் கேள்வி கேட்க முடியாது என்பதை அன்றுதான் கண்டுகொண்டேன்.

இன்னும் இரண்டு விதிகளைச் சொல்லியாக வேண்டும். இவை நான் எழுதியவை அல்ல. அறக்கட்டளைக் குழு எழுதியவை. முதலாவது: நாற்காலி குறைவு, இயந்திரம் அடிக்கடி பழுது, அதனால் முந்தின நாள் சாயங்காலம் போனில் செய்தி வந்தவர்கள் மட்டுமே மறுநாள் வரவேண்டும். இரண்டாவது: காரணம் எதுவானாலும், அடுத்தடுத்து இரண்டு முறை வராதவரின் இடம் காத்திருப்பவர்களில் அடுத்தவருக்குப் போய்விடும்.

பள்ளிப்பட்டிலிருந்து முனிரத்தினம் என்று ஒரு நெசவாளி வந்துகொண்டிருந்தார். கூட மனைவி லட்சம்மா. பஸ்ஸில் வருவார்கள். ஜன்னலோர நாற்காலிதான் வேண்டும் என்பார். குழாயில் ரத்தம் போய்வருவதைப் பார்த்துக்கொண்டே, "எங்கூட்டு தறியில நூலு ஓடும். இங்க நான் ஓடிகினு கீறேன். நெய்யறது யாருன்னுதான் தெரில" என்பார். "சும்மா இருய்யா, சிஸ்டரு சிரிச்சா ஊசி மாறிப்பூடும்" என்பாள் லட்சம்மா. ஒரு தடவை தவறினால் மூச்சு வாங்கும் உடம்பு அது. டாக்டர் அந்த அம்மாளிடம் அதைப் பலமுறை சொல்லியிருந்தார். அவளும் செய்தி வரும் வேளையில் போனை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளாம்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள். நான் மத்தியானமே வீட்டுக்குப் போய்விட்டேன். சிஸ்டம் சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சர்வர் அறையைக் கழுவித் துடைத்தார். பெட்டியைத் திறந்து தூசு ஊதினார். வெளியே சுத்தம் செய்து உள்ளே அழுக்கை வைத்துக்கொண்டு பூஜை போடுவது எப்படி? உட்கார்ந்து, பழைய பேக்கேஜ் அத்தனையையும் ஒரே வீச்சில் புதுசாக்கினார். வேண்டாதவை என்று தனக்குத் தோன்றியவற்றை நீக்கினார். பிறகு வழக்கமான துடைப்பு. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், வெளியே வந்து நர்ஸ் செல்வியிடம் அவரே பெருமையாகச் சொல்லியிருக்கிறார்: "உள்ளாறவும் கிளீன் பண்ட்டேன் சிஸ்டர். அல்லாமே புச்சு."

அன்று சாயங்காலம் ஒருவருக்கும் செய்தி போகவில்லை. புதிய பேக்கேஜுக்குப் பழைய புரோகிராம் பேசுவது புரியவில்லை, அவ்வளவுதான். சத்தம் போடாமல் தோற்றுப்போகும்படி எழுதப்பட்ட புரோகிராம். சத்தம் போடவில்லை.

பூஜை நாள் காலையில் நான் போனபோது பாதி நாற்காலி காலி. செய்தியைப் பார்க்காமலே நாள் கணக்கில் வந்துவிடும் உள்ளூர்க்காரர்கள்தான் இருந்தார்கள். "பூஜைக்கு ஊட்லயே இருந்துட்டாங்க போல சார்" என்றாள் செல்வி. பொரியும் கடலையும் ஒரு தட்டில் நீட்டினாள். நோய்க்கு விடுமுறை உண்டா என்று எனக்கு உறைத்தது. சர்வர் அறைக்குப் போனேன். திரைக்குச் சந்தனம், குங்குமம். கீபோர்டின் மேல் சாமந்தி மாலை. ஊதுபத்தி. எதிரே குளித்து முழுகிய கோலத்தில் அவர்.

"நேத்து மெசேஜ் போச்சா?"

"ஆங், போயிருக்கும் சார்."

"போயிருக்குமா, போச்சா? பாருங்க."

"இன்னிக்கி தொடக்கூடாது சார். நாளைக்கி நல்ல நேரம் பார்த்துதான் மாலைய எடுக்கணும்."

"மாலையை நான் எடுக்கிறேன்."

அவர் எழுந்து எனக்கும் கீபோர்டுக்கும் நடுவில் நின்றார். கோபமே இல்லை. "நீங்க படிச்சவரு சார். இன்னிக்கி ஒரு நாள் அதுவும் ரெஸ்ட்ல இருக்கட்டுமே" என்றார். பக்கத்து ஒர்க்ஷாப்பில் ஸ்பேனரைத் தொட மாட்டார்கள். எதிரில் ஆட்டோக்காரர்கள் வண்டிக்கு வாழைக்கன்று கட்டிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஊரே கருவியைத் தொடாத நாளில் நான் ஒருவன்தான் தொடத் துடிக்கிற அபசகுனம். டிரஸ்டிக்குப் போன் செய்தேன். "பூஜை போட்டத எப்டி சார் கலைக்கறது" என்றார்.

செல்வியை உட்கார வைத்து, வராதவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்யச் சொன்னேன். கிடைத்தவர்கள் பதறிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். முனிரத்தினத்தின் போன் மட்டும் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. சாயங்காலம் வரை அடித்தோம். பள்ளிப்பட்டுப் பக்கம் போகிற ஓர் ஆட்டோக்காரரைப் போய்ப் பார்த்துவரச் சொன்னேன். பூஜையன்று வண்டி எடுக்க மாட்டேன் என்றவர், மறுநாள் விடியற்காலை போனார். அவர் போவதற்குள் முனிரத்தினத்தை வேறொரு வண்டியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். நுரையீரலில் நீர்.

லட்சம்மா பிற்பாடு சொன்னாள். "ராத்திரி படுக்கற வரைக்கும் பாத்துகினே இருந்தேங்க. மெசேஜ் வரலை. மிஷினுக்கும் பூஜை போட்டுட்டாங்க போலன்னு இவருதான் சொன்னாரு. காலைல தறிக்குப் பொட்டு வெச்சோம். நாடா, கத்தரி, அல்லாம் வெச்சோம். போனையும் ஆஃப் பண்ணி அதும் பக்கத்துல வெச்சிட்டாரு. சோறு போடறதுல அதுவும் ஒண்ணுதானேன்னாரு."

ஆஸ்பத்திரியில் கிடந்ததால் அடுத்த முறைக்கும் அவர் வர முடியவில்லை. அந்த முறைக்குச் செய்தி போயிருந்தது. சர்வர் அதற்குள் பிரமாதமாக வேலை செய்துகொண்டிருந்தது. விஜயதசமியன்று நல்ல நேரத்தில் மாலையை எடுத்து, பழைய பேக்கேஜைத் திரும்ப ஏற்றி, எல்லாவற்றையும் துடைத்துவிட்டார் சிஸ்டம் சார். நான் போய்ப் பார்த்தபோது வெர்ஷன் எண் பழைய எண்ணாகவே இருந்தது. கமாண்டு ஒன்றுகூட மிச்சமில்லை. ஆனால் முனிரத்தினத்தின் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று இரண்டு முறை பதிவாகியிருந்தது. அதைத் துடைக்க அவருக்குத் தோன்றவில்லை. புரோகிராம் விதிப்படி அவரை நீக்கிவிட்டு, ஜன்னலோர நாற்காலியைத் திருவாலங்காட்டுப் பெண் ஒருத்திக்குக் கொடுத்தது. கைக்குழந்தைக்காரி. அவளை எழுந்திரு என்று யார் சொல்வது?

ஒரே வழி இருந்தது. செய்தி போகாதது மையத்தின் தவறு என்று கணினிப் பொறுப்பாளர் எழுதிக் கொடுத்தால், நீக்கத்தை ரத்து செய்து, அடுத்துக் காலியாகும் நாற்காலியை முதலில் அவருக்குத் தரலாம். விதியில் அதற்கு இடம் இருந்தது. நான் சிஸ்டம் சாருக்கு எழுதினேன். ஒரே கேள்வி: பூஜைக்கு முந்தின நாள் எந்தப் பேக்கேஜ் எந்த வெர்ஷனிலிருந்து எந்த வெர்ஷனுக்கு மாற்றப்பட்டது, அதனால் செய்தி தடைப்பட்டதா?

பதில் இல்லை. நினைவூட்டினேன். பதில் இல்லை. நேரில் கேட்டேன். "சர்வர் ஓடிகினுதான் சார் இருந்துது. சிக்னல் இல்லாம இருக்கும்."

பேக்கேஜ் இருக்கும் ஃபோல்டருக்கு ஒரு தேதி உண்டு. அதை அவர் மறந்துவிட்டார். பழைய வெர்ஷன்தான், ஆனால் ஃபோல்டர் பிறந்தது விஜயதசமி காலை. அதை டிரஸ்டியிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஃபோல்டரா சார் சாட்சி? பாவா ஒத்துக்கினா செய்றேன். நான் எப்பிடி அவர கேக்கறது, அக்கா ஊட்டுக்காரு" என்றார். செல்வியைக் கேட்டேன். அவள் அழுதேவிட்டாள். "வாயால சொல்றேன் சார். எழுதிக் கேக்காதீங்க. இந்த வேலைய வெச்சிதான் எங்க நைனாவ பாத்துக்கறேன்." அதற்கு மேல் அவளை வற்புறுத்தவில்லை.

முனிரத்தினம் காத்திருப்பவர்களில் கடைசி ஆளாகிவிட்டார். யாராவது வராத நாளில் கூப்பிடுவோம். மற்ற நாளில் தொலைவாக வேறோர் ஊருக்கு இரண்டு பஸ் மாறிப் போவார். சில நாள் போகாமல் இருந்துவிடுவார். ஒருமுறை காலி நாற்காலி கிடைத்து வந்தபோது, "இந்த மூலைல உக்காந்தா நான் நெய்யறது எனக்கே தெரிலப்பா" என்றார். லட்சம்மா பதிலுக்குத் திட்டவில்லை.

தைக் கிருத்திகையன்று சரவணப்பொய்கைப் பக்கம் சிஸ்டம் சாரைப் பார்த்தேன். புதிதாக மொட்டை, சந்தனம். கூட்டத்தில் என்னை அவரே கூப்பிட்டார். "வாங்க சார், மேல தரிசனம் நல்லா ஆச்சி" என்று விபூதிப் பொட்டலத்தைப் பிரித்தார்.

"ஒரு வரி எழுதிக் கொடுங்க. உங்களை யாரும் தூக்கில போட மாட்டாங்க. சம்பளம் வாங்காதவரை வேலையை விட்டு நீக்கக்கூட முடியாது."

"நான் வேணும்னு பண்ணல சார். சுத்தம் பண்ணேன்."

"தெரியும். அதையே எழுதுங்க."

குளத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார். கண் கலங்கியிருந்ததோ, ஈரமோ, நான் ஆராயவில்லை. "வாயால இன்னா வேணா கேளுங்க சார், சொல்றேன். எழுதிக் குடுத்தா அழிக்க முடியாம நின்னுடும்" என்றார்.

"அது நின்னாத்தான் முனிரத்தினம் நிற்பார்."

தலையை ஆட்டினார். என் உள்ளங்கையில் விபூதி வைத்தார். படியில் கொஞ்சம் சிந்திவிட்டது. தோளில் இருந்த துண்டை எடுத்துக் குனிந்து அதைத் துடைத்தார்.

பங்குனியில் முனிரத்தினம் இறந்துபோனார். பஸ்ஸில் போகும்போது. அதைப் பதிவு செய்யலாம் என்று சர்வரைத் திறந்தால் அவர் பெயரே இல்லை. நீக்கப்பட்டவர் இறந்ததைக் குறிக்க அந்தப் புரோகிராமில் இடம் கிடையாது. சிஸ்டம் சாருக்கு அதையும் எழுதினேன். அதற்கும் பதில் இல்லை. என் கடிதங்களை அவர் பிரிப்பதே இல்லை என்று அப்போது நினைத்தேன். அப்படி நினைப்பதுதான் அவரைப்பற்றி நான் நினைக்கக்கூடிய நல்லதாக இருந்தது.

பிறகு ஒரு நாள் காலை, நான் வருவதற்கு முன்பே, என் மேஜையில் ஓர் உறை இருந்தது. உறையின் நாலு மூலையும் மேஜையின் விளிம்புக்கு நேராக வைக்கப்பட்டிருந்தது. யார் வைத்தது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. உள்ளே பேக்கேஜின் பெயர், பழைய எண், புதிய எண், செய்தி தடைப்பட்டது என்பது, எல்லாம் ஒரு பிழையும் இல்லாமல் இருந்தன. கீழே கையெழுத்து. அதற்கும் கீழே: 'மேற்படி நோயாளியின் நீக்கம் சர்வரில் ரத்து செய்யப்பட்டு, அவர் பெயர் பழைய இடத்தில் சேர்க்கப்பட்டுவிட்டது.' பாக்கி எதையும் வைத்துவிட்டுப் போகிறவர் இல்லை அவர்.

சர்வர் அறையில் அவர் இல்லை. நாற்காலி யாரும் உட்காராதது போல் இருந்தது. அதன் பிறகு அவர் மையத்துக்கு வரவில்லை. அன்று ஆடிக் கிருத்திகை; மலைக்குப் போகும் கூட்டம் தெருவை அடைத்திருந்தது. டிரஸ்டிக்குப் போன் செய்தேன்; காவடிச் சத்தத்தில் அவர் பேசுவது எனக்குக் காதில் விழவில்லை. முனிரத்தினத்தின் பெயரைச் சர்வரிலிருந்து உடனே எடுக்க வேண்டும் என்று நினைத்தேன். அதற்குக் கமாண்டு தெரிந்தவர் போய்விட்டார். எனக்குத் தெரிந்தது விதி மட்டும். சோதித்துப் பார்க்காமல் ஓடுகிற சர்வரில் கை வைக்கக்கூடாது. திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் சர்வர் தன் வேலையைச் சரியாகச் செய்தது.

விளக்கு வைத்ததும் லட்சம்மா போன் செய்தாள்.

"சார், எங்கூட்டுக்காரருக்கு மெசேஜ் வந்துகீது. நாளைக்கிக் காலைல வரச்சொல்லி. ஜன்னல் பக்கத்து நாக்காலி நம்பரே போட்டுகீது."

எதைச் சொல்வது என்று எந்த விதியிலும் இல்லை.

"யாரு சார் அனுப்பனது?" என்றாள்.